திருத்தினதும் சமாளிச்சதும்

எங்கட ஊரில் ஒரு சாமான் பழுதானால் அதை இரண்டு விதமாக ஓட வைக்கலாம். ஒன்று திருத்துறது. மற்றது சமாளிக்கிறது. திருத்தினால் அது பழையபடி வேலை செய்யும். சமாளிச்சால் இப்போதைக்கு வேலை செய்யும். வெளியில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பில்லிலும் தெரியாது. கராஜில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: "சரியாக்கியாச்சு."

இந்த வித்தியாசத்தை எனக்குப் படிப்பித்தது ஒரு மோட்டார் சைக்கிளின் ஒயில் கூலரும் நாலு ஹோஸ் கிளிப்பும். நான் கலைப்பீடத்தில் படிக்கிறேன். சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்துக்குக் கும்பிடு போட்ட ஆள். அதனால் இதில் வருகிற தொழில்நுட்பம் எல்லாம் வரலாறும் அரசறிவியலும் படிக்கிற ஒருத்திக்கு விளங்கின அளவுதான். பயப்படாமல் வாசிக்கலாம்.

பைக் அண்ணாவுடையது. 200 சி.சி., பாவிச்சதாக வாங்கினது. அவர் கட்டாருக்குப் போகேக்க அதை விற்கிறதா விடுறதா என்று வீட்டில் ஒரு கிழமை கதை நடந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதியை அரசாங்கம் 2025 பெப்ரவரியில்தான் முழுசாகத் திறந்துவிட்டது. இடையில் பாவிச்ச பைக்குகளுக்கு வந்த விலை உங்களுக்கே தெரியும். விற்றால் நல்ல காசு, ஆனால் திரும்ப ஒன்று வாங்கேலாது. "நான் ஓடுறன்" என்றேன். "பொம்பிளைப்பிள்ளைக்கு இது பாரம், ஸ்கூட்டி ஒண்டு எடுப்பம்" என்றார்கள். ஸ்கூட்டியின் விலையை விசாரித்த பிறகு ஒருத்தரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

வீடு தென்மராட்சியில். பல்கலைக்கழகம் திருநெல்வேலியில். கைதடியில் திரும்பி, கடல்நீரேரிக்கு நடுவால் போகிற வீதியில் பாலத்தைக் கடந்து, கோப்பாய்க்குள் ஏறிப் போவேன். பைக் வந்த பிறகு என் நாள் நீண்டது. விரிவுரை முடிந்து நூலகத்தில் இருந்து வாசிக்கலாம். நாடக ஒத்திகை முடியும்வரை நிற்கலாம். கடைசி பஸ்ஸின் நேரத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு புத்தகத்தை மூடத் தேவையில்லை. அதனால் பைக் பழுதானால் எனக்கு ஒரு வாகனம் மட்டும் நிற்பதில்லை. பின்னேரங்கள் எல்லாமே நின்றுவிடும்.

இனி ஒயில் கூலர். காற்றில் குளிர்கிற என்ஜினுக்குத் தண்ணீர் ரேடியேற்றர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி இருக்கிற தகடுகளில் காற்றுப் பட்டுத்தான் சூடு வெளியேறும். என்ஜின் கொஞ்சம் பெரிதானால் அது காணாது. அதனால் என்ஜின் ஒயிலை ஒரு ஹோஸ் வழியாக முன்பக்கம் கொண்டுவந்து, முன் சில்லுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்ன ரேடியேற்றருக்குள் ஓடவிட்டு, அங்கே காற்றில் ஆறவைத்து, இன்னொரு ஹோஸால் திரும்ப அனுப்புவார்கள். அந்தச் சின்ன ரேடியேற்றர்தான் ஒயில் கூலர். தேத்தண்ணியை ஆற்றிக் குடிக்கிற மாதிரித்தான். ஆனால் இந்தத் தேத்தண்ணியின் சூடு 100 பாகையைத் தாண்டக்கூடியது. பம்பின் அழுத்தத்திலும் இருக்கிறது. ஹோஸ் கழன்றால் ஒயில் சொட்டாது, சீறும். ஒயில் முழுக்கப் போனால் என்ஜின் பிடித்துவிடும். அதற்கு முதலே காற்று அந்த ஒயிலை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று யோசியுங்கள். என்ஜினில், சைலன்சரில், உங்கள் காலில், பின் ரயரில்.

போன வருடம் கம்பனி ஹோஸ் வெடித்தது. அந்த ஹோஸின் நுனிகளில் கிளிப் இல்லை. தொழிற்சாலையிலேயே ஒரு இரும்பு வளையத்தை வைத்து அழுத்தி மூடியிருப்பார்கள். அது கழரவே கழராது, ஆனால் பழுதானால் முழுசாக மாற்ற வேண்டும். கடைகளில் அந்த ஹோஸ் இல்லை. கராஜில் விட்டேன். பின்னேரம் போனபோது "புது ஹோஸ் போட்டாச்சு, பிரச்சினை இல்லை" என்றார்கள். காசைக் கொடுத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

அவர்கள் செய்தது என்னவென்று பிறகுதான் பார்த்தேன். இரும்பு வளையங்களை வாளால் அறுத்து எடுத்து, சும்மா ரப்பர் ஹோஸ் ஒன்றை அளவுக்கு வெட்டிச் செருகி, ஸ்குரூ ட்ரைவரால் திருகி இறுக்குகிற சாதாரண கிளிப் போட்டிருந்தார்கள். அதே கிளிப்தான் எங்கட வீட்டு காஸ் அடுப்பிலும் இருக்கிறது. நல்ல சாமான்தான். லம்லி ரொபின்சன் என்ற பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஒருவர் 1921இல் காப்புரிமை எடுத்தது, இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுகிறது. ஆனால் அதன் பட்டியில் வெட்டு வெட்டாகப் பல் இருக்கும். மெல்லிய ஹோஸில் கூட இறுக்கினால் அந்தப் பற்கள் ரப்பரைக் கடிக்கும்.

ரப்பரிலும் சாதி இருக்கிறது. 1876இல் ஹேனரத்கொடவில் நட்டதிலிருந்து இந்த நாடு பேர் வாங்கின இயற்கை ரப்பர், ஒயில் பட்டால் ஊதி மெத்தென்று ஆகிவிடும். ஒயிலைத் தாங்குவதற்கு நைற்றைல் போன்ற செயற்கை ரப்பர் வேண்டும். இரண்டும் கறுப்புத்தான். கையில் பிடித்தால் இரண்டும் ஒன்றுதான்.

இரண்டு மாதத்தில் சிக்னலில் நிற்கும்போது கருகின மணம் வரத் தொடங்கியது. வலது கால் சப்பாத்தில் ஒயில். கராஜுக்குப் போனேன். "அண்ணா வரேல்லையோ?" என்று கேட்டுவிட்டுக் கிளிப்பை இறுக்கித் தந்தார்கள். மூன்று கிழமையில் திரும்பவும். திரும்பவும் இறுக்கினார்கள். மூன்றாம் முறை, பைக்கை ஓடுகிற நான் முன்னால் நிற்க, அப்பாவுக்குப் போன் எடுத்து விளக்கம் சொன்னார்கள். என்னிடம் சொன்னது ஒரு வசனம்: "தங்கச்சி, மெதுவா ஓடுங்கோ."

மெதுவாகத்தான் ஓடினேன். அதற்கு நாலாம் நாள் பின்னேரம், பாலம் தாண்டி வருகிற வளைவில் பின் சில்லு ஒரு சாண் வழுக்கியது. விழவில்லை. நிறுத்திப் பார்த்தால் பின் ரயரின் வலது ஓரம் மினுமினுவென்று இருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். பின்னால் ஒரு டிப்பர் வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் வீட்டில் கூலரைக் கழுவிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மூன்று முறை இறுக்கியதில் கூலரின் அலுமினியக் கழுத்தில் மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. இன்னொரு வாயில், ஹோஸ் கழராமல் தடுக்கிற வரம்பையே வளையத்தோடு சேர்த்து அறுத்து எடுத்திருந்தார்கள். வழவழப்பான குழாயில் ஒரு ஊதின ஹோஸ். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கிளிப். அதை நம்பித்தான் நான் தினமும் கடலுக்கு நடுவால் போய் வந்திருக்கிறேன்.

அப்பா வந்து குந்தியிருந்து பார்த்தார். "இதுக்கேன் புதுக் கூலர்? சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுத்தி, மேல கம்பியால ஒரு கட்டுக் கட்டினா ஓடும்."

அப்பா பகிடிக்குச் சொல்லவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாகனம் ஓடினது அப்படித்தான். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். எம்.டி. 90 புகை கக்கிக்கொண்டு போகுமாம். பழைய ஒஸ்ரின் கார்களுக்குச் சாமான் வருவது நின்று எத்தனையோ வருடத்துக்குப் பிறகும் அவை ஓடினவையாம். கரண்ட் இல்லாத வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட கதையை எங்களில் கேளாத ஆட்கள் இல்லை. இந்தக் கதைகளைச் சொல்லும்போது பெரியவர்களின் முகத்தில் ஒரு பெருமை வரும். வரத்தான் வேண்டும். கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்றை நாங்களும் 2022இல் பார்த்தோம். கியூஆர் வந்தபோது பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த 4 லீற்றரை வைத்து உயர்தர வகுப்புக்குப் போன ஆட்கள் நாங்கள். சமாளிப்பு எங்கட இரத்தத்தில் ஊறினது என்று சும்மா சொல்வதில்லை.

ஆனால் அன்றைக்கு நான் அப்பாவிடம் கேட்டேன். "அப்பிடிக் கட்டி ஓடேக்க பயம் இல்லையோ அப்பா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்லை. கட்டினது நான்தானே. எது எப்ப கழரும் எண்டு எனக்குத் தெரியும். ஒரு மைல் போய் இறங்கித் தொட்டுப் பாப்பன்."

அப்பா போன பிறகும் நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் சமாளித்தவரும் ஓடினவரும் ஒரே ஆள். கட்டின கைக்கு எங்கே பலவீனம் என்று தெரியும். அதனால் சமாளிப்பு ஒரு அறிவாக இருந்தது. இப்போது சமாளிக்கிறது ஒருத்தர், ஓடுறது இன்னொருத்தர். நடுவில் "சரியாக்கியாச்சு" என்ற சொல். சமாளிப்பு அப்படியே இருக்கிறது, அதோடு சேர்ந்து வந்த எச்சரிக்கை மட்டும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. கராஜில் கம்பனி ஹோஸ் இல்லாதது அவர்களின் பிழை இல்லை. அதை எனக்குச் சொல்லாமல் விட்டதுதான் பிழை. பொம்பிளைப்பிள்ளைக்கு விளங்காது என்று நினைத்தார்களோ தெரியாது. ஆனால் ஆம்பிளைகளுக்கும் பெரிதாகச் சொல்வதில்லை என்று பிறகு நண்பர்களிடம் கேட்டபோது தெரிந்தது.

அதனால் வீட்டிலேயே மாற்றுவது என்று முடிவெடுத்தேன். காசு மிச்சம் என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம், கட்டின கை என்னுடையதாக இருக்க வேண்டும்.

ரவுணில் நாலு ஸ்பெயார்ஸ் கடை ஏறி இறங்கிக் கூலர் எடுத்தேன். வாங்க முதல் இரண்டு வாயிலும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், வரம்பு இருக்கிறதா என்று. ஹோஸ் கேட்டபோது ஒரு கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான்" என்றார். இன்னொருவர், வயதான ஐயா, ஹோஸைத் திருப்பி அதில் அச்சடித்திருந்ததைக் காட்டினார். உள்விட்டம், தாங்குகிற அழுத்தம், ஒயிலுக்கா தண்ணீருக்கா என்பது எல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். எழுத்து இல்லாத ஹோஸை வாங்க வேண்டாம் என்றார். கலைப்பீடத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல அறிவுரை இல்லை. வாசி.

கிளிப்புக்கு அளவு வேண்டும். இந்த வேலைக்கு நல்லது, சின்ன நட்டும் போல்டும் போட்டு இறுக்குகிற, பட்டியில் வெட்டு இல்லாத, ஓரம் வெளிப்பக்கம் மடிந்த கிளிப். அது ரப்பரைக் கடிக்காது, சுற்றிவர ஒரே மாதிரி அமத்தும். ஆனால் அதன் அளவு எல்லை குறுகியது, இரண்டு மில்லிமீற்றர் பிசகினாலும் பிடிக்காது. வீட்டில் அளக்கிற கருவி இல்லை. ஒரு கடதாசித் துண்டை ஹோஸைச் சுற்றி, ஒட்டுகிற இடத்தில் கோடு போட்டு, விரித்து அளந்தேன். 53 மில்லிமீற்றர். 3.14ஆல் பிரித்தால் 17க்கு ஒரு பொட்டுக் குறைவு. 16 முதல் 18 வரைக்குமான கிளிப் நாலு. பத்தாம் வகுப்பு வட்டப் பாடம் ஒருநாளும் உதவாது என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, விறாந்தையில் வேலை. பைக்கை நடு ஸ்டாண்டில் ஏற்றி, மூன்று நிமிடம் ஓடவிட்டு, கைபொறுக்கிற சூட்டில் ஒயிலை வடித்தேன். கீழே பழைய பேசன். கூலரைப் பிடித்திருந்த போல்டுகளைக் கழற்றும்போது ஒவ்வொன்றையும் எந்தத் துளையில் இருந்தது என்று கடதாசியில் கீறி, அதன் மேலேயே வைத்தேன். பழைய ஹோஸை இழுக்க, அது பழுத்த வாழைப்பழத் தோல் மாதிரிக் கழன்று வந்தது. தம்பி அதை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்தான்.

புது ஹோஸ் போடுவதில் நாலு விசயம்தான். முதலில் கிளிப்பை ஹோஸில் கோர்த்துவிட்டுத்தான் ஹோஸைக் குழாயில் ஏற்ற வேண்டும். குழாய் வாயில் ஒரு சொட்டுப் புது ஒயில் தடவினால் தானாக ஏறும். ஹோஸ் வரம்பைத் தாண்டி உள்ளே போக வேண்டும். கிளிப் வரம்புக்கு மேலே இருக்கக் கூடாது, வரம்புக்கும் ஹோஸின் வெட்டின நுனிக்கும் நடுவில் இருக்க வேண்டும். நுனியிலிருந்து மூன்று மில்லிமீற்றராவது தள்ளி. வரம்பும் கிளிப்பும் சேர்ந்துதான் ஹோஸைப் பிடிக்கும், தனிக் கிளிப்பால் முடியாது.

கடைசி விசயம் எவ்வளவு இறுக்குவது என்பது. இங்கேதான் கை நடுங்கியது. ஏனென்றால் மூன்று முறை இறுக்கித்தான் பழைய கூலர் வெடித்தது. கிளிப்பின் இரண்டு ஓரத்திலும் ரப்பர் மெல்லிசாக மேலெழும்புகிற இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு திருகு கூடத் தேவையில்லை. ஒழுகினால் இறுக்குவது என்பது எங்களுக்குப் பழகிப்போன பதில். ஒழுகுவதற்குக் காரணம் ஹோஸாகவோ குழாயாகவோ இருந்தால் இறுக்குவது பிரச்சினையை மூடிவைக்கும், பிறகு பெரிதாக்கித் தரும்.

ஹோஸ் சைலன்சர் குழாயில் முட்டாமல், எங்கேயும் மடியாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்தேன். புது ஒயில் விட்டு ஸ்டார்ட் பண்ணினேன். கூலர் தன் பங்கை உறிஞ்சுவதால் அளவு கொஞ்சம் இறங்கும், நிறுத்தி மிச்சத்தை விட வேண்டும். அம்மா ரோர்ச் பிடிக்க, நான் ஒவ்வொரு கிளிப்பாகக் கடதாசித் துவாயால் ஒற்றிப் பார்த்தேன். நாலும் காய்ந்திருந்தது. ஆறினபிறகு இன்னொருக்கால் பிடித்துப் பார்த்தேன். பின் ரயரைச் சவர்க்காரத்தூள் போட்டு இரண்டு தரம் உரஞ்சிக் கழுவினேன். மத்தியானம் ஆகிவிட்டது.

பேசனில் ஒரு லீற்றருக்கு மேல் கறுத்த ஒயில். "வேலிக்கரையில ஊத்து, கறையான் வராது" என்றார் பக்கத்து வீட்டு மாமா. காலங்காலமாகச் செய்கிற வேலைதான். ஆனால் எங்களுக்கு ஆறு இல்லை. மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தருகிற தண்ணீர்தான் குடாநாட்டுக்கு. சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவு ஒயில் கலந்தது, சனம் வீதிக்கு இறங்கினது, 2019இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது எல்லாம் நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்துக் கதை. வேலியிலிருந்து எங்கட கிணறு பதினைந்து அடி. ஒயிலைப் பழைய போத்தலில் ஊற்றி மூடி, கழிவு ஒயில் எடுக்கிற இடம் ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது பைக் நன்றாக ஓடுகிறது. ஆனால் நான் செய்ததும் முழுத் திருத்தம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். கம்பனி போட்ட மாதிரி நுனி அழுத்தின ஹோஸ்தான் இதற்கான திருத்தம். உழவு இயந்திரங்களுக்கு ஹைட்ரோலிக் ஹோஸ் அழுத்திக் கொடுக்கிற கடைகளில் அதைச் செய்விக்கலாம் என்று விசாரித்து வைத்திருக்கிறேன், காசு சேர வேண்டும். அதுவரைக்கும் இது நல்ல சாமான் போட்டு, விளங்கிச் செய்த ஒரு சமாளிப்பு. கிளிப் காலப்போக்கில் தளரும், ரப்பர் இறுகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தபடியால் பாலத்தில் பயம் இல்லை.

நீங்கள் எல்லாரும் ஸ்பானர் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நேரம் இல்லாதவர்கள் இருப்பார்கள், விருப்பம் இல்லாதவர்கள் இருப்பார்கள். கராஜ் இருப்பது அதற்குத்தான். ஆனால் அடுத்த முறை பைக்கோ ஃபிரிட்ஜோ கூரையோ, எதை எடுக்கப் போனாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது திருத்தினதா, சமாளிச்சதா? சமாளிச்சது என்றால் எப்போது திரும்பப் பார்க்க வேண்டும்? முதல் முறை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இரண்டாம் முறை பதில் சொல்வார்கள். சில வேளை பழைய சாமானையும் எடுத்துக் காட்டுவார்கள்.

என் விரிவுரைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நடுவில் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன். இடது பக்கம் திருத்தினது: முன் பிரேக், செயின், பற்றரி. வலது பக்கம் சமாளிச்சது: இடது கண்ணாடி, சீற் கிழிஞ்சது, ஹோஸ் கிளிப் நாலு. கிளிப்புக்கு நேரே சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறது: ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, தொட்டுப் பார்.